பேரேடு சொல்லும் பத்தாண்டு: எண்பதுகளில் தில்லித் தமிழர் வீடு

மலர்க் குழுவினர் ‘உங்கள் காலத்துத் தில்லியைப் பற்றி ஒரு கட்டுரை கொடுங்கள்’ என்று கேட்டபோது, ‘எனக்குத் தெரிந்தது பேரேடும் பெருக்கல் வாய்ப்பாடும்தான் ஐயா’ என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். ‘அந்தப் பேரேட்டைப் பற்றியே எழுதுங்களேன்’ என்றார் குழுவில் ஒருவர். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அதே வாரம் ஒரு விழாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் இளம் தாய், ‘எங்க பொண்ணு தமிழ் நல்லா பேசுவா மாமா, படிக்கத்தான் வராது. நிஜத்தைச் சொன்னா எனக்கும் வராது. எங்க பாட்டி வாரப் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டை வரை படிப்பாங்களாம். நடுவுல என்ன ஆச்சு?’ என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பரணில் கிடந்த பழைய கணக்குப் புத்தகங்களை இறக்கித் தூசி தட்டினேன். அவர் கேட்ட ‘நடுவுல’ அதற்குள்தான் இருந்தது.

கடை என் தாய்மாமனுடையது. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1979-இல் பத்தொன்பது வயதில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, கரோல் பாகில் அந்தக் கடையின் பின்கட்டில் பாயை விரித்தவன் நான். ‘நயினார் கடை’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நாங்கள் தமிழ்ச் சமணர். (செங்கோட்டைக்கு எதிரே உள்ள லால் மந்திருக்குப் போனால், ‘தமிழனா, ஜைனனா, இரண்டும் எப்படி?’ என்று அங்குள்ளவர்கள் கேட்பார்கள். சீவக சிந்தாமணி என்று நான் ஆரம்பித்தவுடன் அவர்களுக்கு வேறு வேலை வந்துவிடும்.) விற்றது காப்பிப் பொடி, புழுங்கலரிசி, நல்லெண்ணெய், அப்பளம், பெருங்காயம், புளி. கூடவே தமிழ்ப் பத்திரிகை, பஞ்சாங்கம், இன்லண்ட் கடிதம். வாடிக்கைக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் பேரேட்டில் ஒரு பக்கம். மாதம் முழுக்கப் பற்று எழுதுவோம், சம்பளம் வந்ததும் வரவு வைப்போம்.

1980-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ஒரே சாயல். காப்பிப் பொடி, அரிசி, எண்ணெய், அதன் கீழே ஆ.வி., குமுதம், கல்கி. அதற்கும் கீழே இன்லண்ட் ஆறு அல்லது எட்டு. அந்தக் காலத்துத் தில்லித் தமிழர் வீடு வாசிக்கிற வீடு. வேறு வழியும் கிடையாது. வானொலியில் தமிழ் கொஞ்ச நேரம். சினிமா எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காட்சி. ஊரின் வாசனை ரயிலில் வரும் காகிதத்தில்தான் வந்தது. பத்திரிகைக் கட்டு இரண்டு நாள் பிந்தி வந்தால் கடை வாசலில் கூட்டம் நிற்கும். பெரிய அதிகாரியும் நிற்பார், அவர் அலுவலகத்து டைப்பிஸ்டும் நிற்பார். முதல் பிரதி யாருக்கு என்று சண்டையே நடந்திருக்கிறது.

வாசிக்கிற ஊராக இருந்ததால்தான் எழுதுகிற ஊராகவும் இருந்தது. ‘கணையாழி’ 1965-இல் பிறந்தது இந்தத் தில்லியில்தான், சென்னையில் அல்ல. தி. ஜானகிராமன் இங்கே வானொலியில் வேலை பார்த்தார்; இந்திரா பார்த்தசாரதி பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னார்; ஆதவன் தில்லியின் அலுவலகங்களையும் பஸ்களையும் கதைக்குள் கொண்டுவந்தார். க.நா.சு.வும் வெங்கட் சாமிநாதனும் பல ஆண்டுகள் இங்கிருந்தவர்கள். இதே பத்தாண்டில் ஜானகிராமன் 1982-இலும், ஆதவன் 1987-இல் சிருங்கேரி ஆற்றிலும், க.நா.சு. 1988-இலும் மறைந்தார்கள். இது தற்செயல்தான். ஆனால் அவர்கள் இடத்துக்கு இளையவர்கள் அந்த எண்ணிக்கையில் வரவில்லையே, அது தற்செயல் இல்லை.

மாற்றம் தொலைக்காட்சியோடு தொடங்கியது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. தில்லிக்குத் தொலைக்காட்சி புதிதல்ல, 1959 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. ஆனால் அதுவரை அது பெரிய வீட்டுச் சாமான். 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டி தில்லியில் நடந்தது. மேம்பாலமும் ஸ்டேடியமும் எழுந்தன. அவற்றைக் கட்டிய கூலிகளுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்கவில்லை என்று வழக்குப் போய், அப்படிக் குறைத்துக் கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு சொன்ன தீர்ப்பு அந்தப் போட்டியின் எந்தப் பதக்கத்தைவிடவும் பெரியது என்பது என் எண்ணம். சொல்ல வந்தது வேறு. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 முதல் தேசிய ஒளிபரப்பும் வண்ணமும் வந்தன. பெட்டி தவணையில் கிடைத்தது. ராமகிருஷ்ணபுரம் செக்டார்களில் மொட்டை மாடிதோறும் ஆண்டெனா முளைத்தது.

1984 ஜூலை 7-இல் ‘ஹம் லோக்’ தொடங்கியது. கீழ் நடுத்தரக் குடும்பம் ஒன்றின் கதை, மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுதியது, 1985 டிசம்பர் வரை ஓடியது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பகுதிகள். நான் கவனித்தது கதையை அல்ல, அதை வழங்கிய விளம்பரதாரரை. மாகி நூடுல்ஸ்! அதற்கு முந்தைய ஆண்டுதான் அது இந்தியாவுக்கு வந்திருந்தது. ‘ஹம் லோக்’ வந்த சில மாதங்களுக்குள் என் பேரேட்டில் மாகி ஏறியது. சேமியா உப்புமாவுக்கு இருந்த இடத்தை அது பிடித்தது. நாங்கள் வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள். அந்த மசாலாப் பொட்டலத்தை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டேன், கடையில் மட்டும் அடுக்கடுக்காக வைத்து விற்பேன். வியாபாரிக்கு இப்படி இரட்டை மனசு எப்போதும் உண்டு.

எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும், சமண ஒழுக்கம் அது. அதனால் மற்ற வீடுகளின் இரவை நான் வெளியாளாக நின்று பார்க்க முடிந்தது. எட்டரைக்கு மேல் வீட்டுக்கு வீடு ஒரே குரல். தட்டை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தபடி சாப்பாடு. அதற்கு முன்னால் அந்த நேரத்தில் தாத்தா கதை சொல்வார், பாட்டி கல்கி தொடர்கதையை உரக்கப் படிப்பாள், எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைகூடக் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த ஒரு மணி நேரம் கைமாறியது.

அதே பெட்டியில்தான் அந்த அக்டோபரும் வந்தது. 1984 அக்டோபர் 31. காலையில் சுட்டார்கள், டிரான்சிஸ்டரில் பி.பி.சி. கேட்ட வாடிக்கையாளர் ஒருவர் பிற்பகலிலேயே வந்து காதோடு சொன்னார். நம் வானொலி மாலையில்தான் சொன்னது. மறுநாள் முதல் தீன் மூர்த்தி மாளிகையிலிருந்து நேரடி ஒளிபரப்பு. வரிசையில் போகும் கூட்டத்திலிருந்து ரத்தத்துக்கு ரத்தம் என்று எழுந்த கோஷமும் நம் வீடுகளுக்குள் கேட்டது. அடுத்த மூன்று நாள் நடந்ததை இந்த மலரின் மூத்த வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். திரிலோக்புரி, கல்யாண்புரி, மங்கோல்புரி, சுல்தான்புரி. தில்லியில் மட்டும் 2,733 பேர் என்பது பின்னால் வந்த அரசுக் கணக்கு.

எங்கள் கடைக்கு ரயில்வே பார்சலிலிருந்து சரக்கு ஏற்றி வருபவர் ஒரு சர்தார்ஜி. சொந்த டெம்போ, குடும்பம் ஜலந்தர் பக்கம். என்னை ‘லாலாஜி’ என்று கேலியாகக் கூப்பிடுவார். நவம்பர் 1 இரவு ஷட்டர் தட்டும் சத்தம் கேட்டது. அவர் குரல் என்று தெரிந்தது. நான் திறக்கவில்லை. நெருப்பு வாடை எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. கையைப் பூட்டின் மேல் வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. மாமா பின்னாலிருந்து வந்து, ‘திறடா. நம்ம சரக்கத் தூக்கிப் போடறவன்டா அவன்’ என்றார். எறும்பை மிதிக்காமல் நடக்கச் சொல்லிக் கொடுத்த குலத்தில் பிறந்தவன் அந்த நேரம் ஒரு பூட்டின் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். இதை இதற்கு முன் எங்கும் எழுதியதில்லை.

மூன்று நாள் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் இருந்தார். இரண்டாம் நாள் கத்தரிக்கோல் கேட்டார். கோணி வெட்டும் கத்தரிதான் இருந்தது, அதைக் கொடுத்தேன். கண்ணாடி அவர் கேட்கவில்லை. எங்கள் முனிவர்கள் துறவின் அடையாளமாகத் தலைமயிரைத் தம் கையாலேயே பறித்துக்கொள்வார்கள். சிறுவயதில் அதைப் பார்த்துக் கைகூப்பி நின்றிருக்கிறேன். அன்று கோடவுனில் பார்த்தது அதற்கு நேர்மாறானது. பேரேட்டில் அந்த மூன்று நாளுக்கும் பற்றும் இல்லை, வரவும் இல்லை. தேதி மட்டும் எழுதியிருக்கிறது. என் கையெழுத்துதான்.

அதற்குப் பிறகு ஊரின் நடையே மாறியது. 1985 மே மாதம் டிரான்சிஸ்டர் பெட்டிகளில் வைத்த குண்டுகள் வெடித்தன. கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர்கள், இருக்கைக்கு அடியில் பாருங்கள் என்ற அறிவிப்பு பஸ்ஸிலும் ரயில் நிலையத்திலும் அன்றாடப் பாட்டாயிற்று. ஊரிலிருந்து வரும் ஊறுகாய் ஜாடியைப் போலீஸ்காரர் மோந்து பார்ப்பார். அப்பளக் கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்வார். ‘இது என்ன?’ ‘பாப்பட்.’ ‘இவ்வளவா?’ சிரிக்கவும் முடியாது.

1987 ஜனவரி 25-இல் ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொடங்கியபோது ஞாயிறு காலை வியாபாரம் போச்சு. தெருவில் நாய்கூட நடமாடாது. தொடர்ந்து 1988 அக்டோபர் முதல் பி.ஆர். சோப்ராவின் ‘மஹாபாரத்’, 1990 ஜூன் வரை. தமிழ்க் குழந்தைகள் அப்பாவை ‘பிதாஸ்ரீ’ என்று கூப்பிட்டு விளையாடியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு உறுத்தியது இந்தி அல்ல. நம் நாட்டில் ராமகதை ஒன்றல்ல, பல. கம்பர் சொன்னது ஒரு மாதிரி. எங்கள் சமண மரபில் விமலசூரி பிராகிருதத்தில் சொன்னதில் இராவணனைக் கொல்பவன் இலக்குவன், இராமன் கொலைப்பழி இன்றி வீடுபேறு அடைகிறான். இத்தனை குரல்களும் வீட்டுக்கு வீடு, பாட்டிக்குப் பாட்டி மாறி ஒலித்தன. பெட்டி வந்தபின் ராமனுக்கு ஒரே முகம், ஒரே குரல். என் வாடிக்கையாளர் வீட்டுப் பையன் ஒருவன், பாட்டி கம்பராமாயணம் சொன்னபோது ‘அப்படி இல்லை பாட்டி, டி.வி.யில வேற மாதிரி வந்துது’ என்று திருத்தினானாம்.

இருந்தாலும், தமிழ் எழுத்து வீட்டை விட்டுப் போனதற்கு டி.வி.யை மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல என்று பேரேடு சொல்கிறது. 1985, 86-இலும் பத்திரிகைக் கணக்கு குறைந்திருக்கிறதே தவிர நிற்கவில்லை. முற்றாக நின்றது வேறொன்று. இன்லண்ட்.

1980-இல் ஊருக்குப் பேச வேண்டுமானால் டிரங்கால் புக் பண்ண வேண்டும். காலையில் புக் பண்ணினால் மாலையில் மணி அடிக்கும், அடிக்காமலும் போகும். சாவுச் செய்தி, பிரசவச் செய்தி தவிர யாரும் அதைத் தொடுவதில்லை. மற்றதெல்லாம் கடிதம். அந்த இன்லண்ட் எழுதும் முறை நினைவிருக்கிறதா? முதலில் அப்பா எழுதுவார், மடிப்பில் அம்மா எழுதுவாள், ஒட்டும் ஓரத்தில் இரண்டு அங்குல இடம் விட்டு ‘டேய், தாத்தாவுக்கு ஒரு வரி எழுதுடா’ என்பாள். குழந்தை முட்டி மோதி, ‘அன்புள்ள தாத்தா, நான் நலம், நீங்கள் நலமா, லீவுக்கு வருகிறேன்’ என்று கோணல்மாணலாக எழுதும். ‘ள’வா ‘ல’வா என்று கேட்டு எழுதும். தாத்தா பதிலில் அதைத் திருத்தி அனுப்புவார். மாதம் நாலு கடிதம் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய ஐம்பது தமிழ்ப் பாடம். கட்டணம் இல்லாத பள்ளிக்கூடம். பள்ளி என்று யாருக்கும் தெரியாத பள்ளிக்கூடம்.

1984-இல் சி-டாட் நிறுவனம் தொடங்கியது. 1986 ஏப்ரலில் தில்லி, பம்பாய்த் தொலைபேசிகளுக்கென்று எம்.டி.என்.எல். வந்தது, பத்தாண்டு முடிவதற்குள் மூலைக்கு மூலை மஞ்சள் நிற எஸ்.டி.டி. பலகை. இரவு ஏற ஏறக் கட்டணம் குறையும் என்பதால் பூத் வாசலில் தூக்கக் கண்ணோடு வரிசை. ஊரிலிருக்கும் அம்மாவின் குரலை வாரா வாரம் கேட்பது எத்தனை பெரிய வரம்! நானும் நின்றிருக்கிறேன், குறை சொல்ல நாக்கு வராது. ஆனால் மீட்டர் ஓடும்போது குழந்தையிடம் ரிசீவரைக் கொடுத்தால், ‘ஹலோ தாத்தா, நல்லா இருக்கேன்’ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடும். பேச்சு தமிழ்தான். எழுத்துக்கு மட்டும் வேலை இல்லை. 1989-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகத் தேடிப் பார்த்தேன், இன்லண்ட் எழுதியிருப்பது நான்கு குடும்பங்களுக்கு மட்டும். நான்கிலும் மூத்தவர்கள்.

‘பள்ளிக்கூடம் இருந்ததே’ என்பீர்கள். இருந்தது, இப்போதும் இருக்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லக்ஷ்மிபாய் நகர், மோதி பாக், பூசா ரோடு, ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி என்று தமிழர் செறிந்த இடத்தில்தான் இருந்தன. ஆனால் தமிழர் அந்த இடத்தில் இருக்கவில்லையே. அதற்குமுன் தில்லித் தமிழன் அரசு குவார்ட்டர்ஸில் இருந்து, 58 வயதில் ஓய்வு பெற்று, சாமானைக் கட்டிக்கொண்டு மாம்பலத்துக்கோ கும்பகோணத்துக்கோ போய்விடுவான். இங்கே விருந்தாளி, அங்கேதான் வீடு. தில்லி வளர்ச்சி ஆணையம் 1979-இல் அறிவித்த வீட்டுத் திட்டத்தில் பதிவு செய்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 1.7 இலட்சம் பேர். கூடவே கூட்டுறவு வீட்டுச் சங்கங்கள். எண்பதுகளில் சாவி கைக்கு வரத் தொடங்கியது. மயூர் விஹார், பட்பட்கஞ்ச் என்று யமுனைக்கு அக்கரையில் குடியேறினோம். தில்லியின் மக்கள் தொகையே 1981-இல் சுமார் 62 இலட்சமாக இருந்து 1991-இல் 94 இலட்சமானது. அக்கரையில் அப்போது தமிழ்ப் பள்ளி கிடையாது. ஒரே தெருவில் எட்டுத் தமிழ்க் குடும்பம் என்ற நிலை போய், ஒரு மாடிக்கு ஒரு தமிழ்க் குடும்பம். எதிர் வீட்டில் வங்காளி, பக்கத்தில் பஞ்சாபி. குழந்தைகளுக்குள் பொது மொழி இந்தி. மகன் இங்கேயே வேலை தேடினான், அப்பா ஓய்வுக்குப் பின் ஊருக்குத் திரும்பவில்லை. பேரேட்டில் பழைய விலாசத்தை அடித்துப் புது விலாசம் எழுதிய பக்கங்கள் நிறைய. ஊருக்குப் போனதால் கணக்கு முடித்த பக்கங்கள் வர வர மிகக் குறைவு.

ஆக, எழுத்தை இழந்த அதே ஆண்டுகளில்தான் நாம் இந்த ஊர்க்காரர் ஆனோம். இரண்டையும் தனித்தனியே பிரித்து லாப நட்டம் பார்க்க என்னால் முடியவில்லை. ஊர்க்காரர் ஆவதென்றால் என்ன என்பதை 1991 மே 22 காலை காட்டியது. முந்தின இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டிருந்தார். தமிழ் மண்ணில் நடந்துவிட்டது, 84-ஐக் கண்ணால் பார்த்த ஊர் இது. எங்கள் தெருவில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் அன்று வாசல் கோலம் போடவில்லை. பஸ்ஸில் யாரும் தமிழில் பேசவில்லை. ‘கடையைத் திறக்காதீங்க நயினாரே’ என்று போன் மேல் போன். ஏழு மணி இருக்கும், டெம்போ சத்தம். சர்தார்ஜி வண்டியைக் குறுக்காக நிறுத்தி ஷட்டரை மறைத்துவிட்டு, முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். தலைப்பாகை எப்போதோ திரும்பி வந்திருந்தது. சரக்கு ஒன்றும் இல்லையே என்றேன். ‘தெரியும் லாலாஜி, நீ உள்ளே போ’ என்றார். பகல் இரண்டு மணி வரை இருந்தார். அன்றும் ஒன்றும் நடக்கவில்லை, பிறகும் நடக்கவில்லை. பஞ்சாபியும் வங்காளியும் எங்கள் வீடுகளுக்கு வந்து துக்கம்தான் விசாரித்தார்கள்.

அந்தத் தாயின் கேள்விக்கு இன்னொரு பாதிப் பதிலும் பேரேட்டில் இருக்கிறது. 1988-இல் கடையில் மாலை வேளையில் பொட்டலம் கட்ட ஒரு பதினைந்து வயதுப் பையன் வந்தான். ஜங்புராவில் பாராபுல்லா கால்வாயோரம் இருந்த மதராஸி கேம்ப்பில் குடிசை. அப்பா கட்டட வேலை, அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள், கள்ளக்குறிச்சிப் பக்கம். பகலில் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படிப்பு. பழைய தமிழ்த் தினத்தாளை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் பொட்டலமாக மடிப்பான். வேலை நடக்கவில்லை என்று மாமா திட்டுவார். விற்காமல் நின்ற பத்திரிகைகளை அவன் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி எடுத்துப் போவான். அவன் பெயரில் ஒரு பக்கமே இருக்கிறது: கல்கி 1, குமுதம் 2. அதிகாரி வீட்டுப் பக்கங்களில் இந்த வரிகள் நின்றுபோன அதே மாதங்கள். கேம்ப்பில் அவனைப் போல நிறையப் பிள்ளைகள். வீட்டில் டி.வி. தாமதமாக வந்தது, போன் அதைவிடத் தாமதம். ஊரில் பாட்டனுக்குக் கடிதம் எழுதித் தர, வீட்டில் எழுத்துத் தெரிந்தவர்கள் அந்தப் பிள்ளைகள்தாம்.

அறுபது ஆண்டு அளவில் இருந்த அந்தக் குடியிருப்பை 2025 ஜூன் 1 அன்று, கால்வாயைத் துப்புரவாக்க வேண்டும் என்ற உயர் நீதிமன்ற உத்தரவின்படி இடித்தார்கள். சுமார் 370 வீடுகள். தகுதி உண்டு என்று முடிவானவை 189 குடும்பங்கள். அவர்களுக்கு நகரத்தின் வடகோடியில் நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். தகுதி இல்லை என்ற குடும்பங்கள் ஏறக்குறைய அதே அளவு. நம் பையனுக்கு, இப்போது ஐம்பதைத் தாண்டியவன், நரேலாவில் கிடைத்தது. கடைசி மகள் லோதி எஸ்டேட்டில் அதே பள்ளியில் படிக்கிறாள். நரேலாப் பக்கத்தில் தமிழ் படிக்கப் பள்ளி இல்லை. போன வாரம் போனில், ‘காலைல நாலரைக்கு எழுந்தா முதல் பஸ்ஸைப் பிடிச்சிடலாம் நயினார், ரெண்டு பஸ்ஸு மாறணும், அப்புறம் மெட்ரோ’ என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.